கொம்பு பார்க்கிற வேலை

அண்ணை சுடுவார், நான் பார்ப்பேன். ஐந்து வருடமாக எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த ஏற்பாடு அவ்வளவுதான்.

அண்ணை என்று சொல்வது பழக்கத்தால். கூடப் பிறந்தவர் இல்லை. கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் அஜக்ஸில், நான் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ற் வண்டி ஓட்டும் பண்டகசாலையில் லொறிகளுக்குச் சாமான் ஏற்றும் பகுதிக்குப் பொறுப்பானவர். என்னைவிட ஏழு வயது மூத்தவர். அங்கே வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர்தான் அவரை முதன்முதலில் வடக்கே மூஸ் வேட்டைக்குக் கூட்டிப் போனார். மூஸ் என்பது குதிரையைவிட உயரமான காட்டு மான். ஆணுக்குக் கொம்பு அகன்று, விரல்களை விரித்துப் பிடித்த இரண்டு பெரிய கைகளைப்போல இருக்கும். வெள்ளைக்காரர் முழங்கால் நோவால் போவதை நிறுத்திய வருடம் அண்ணை என்னைக் கேட்டார்.

"எனக்குத் துவக்கு வேண்டாம் அண்ணை," என்றேன்.

"உனக்கு ஆர் துவக்கு தாறன் எண்டது? நீ பக்கத்தில இருந்து பார். உனக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். எனக்கு அப்பிடி ஒராள்தான் வேணும்."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பக்கத்தில் இருந்து பார்ப்பதற்கும் சோதனை எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இந்த மாகாணச் சட்டத்தில் மிருகத்தைத் தேடுவதும் வேட்டைதான். சுட்டாலும் ஒன்று, சுடாவிட்டாலும் ஒன்று. ஆங்கிலப் புத்தகத்தை இரண்டு மாதம் வரிவரியாகக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினேன். முதல் தரம் கோட்டை விட்டேன். இரண்டாம் தரம் சோதனை மண்டபத்துக்கு வெளியே அண்ணை காரில் காத்திருந்தார். நான் சித்தியடைந்துவிட்டேன் என்றதும், "பாத்தியா, இனி நீ சட்டப்படி சந்தேகப்படலாம்," என்றார்.

வீட்டில் வேறு சோதனை. மனைவி புரட்டாசிச் சனி தவறாமல் விரதம் இருப்பவள். நாங்கள் வெளிக்கிடுகிற நாளும் பெரும்பாலும் சனியாகத்தான் வந்து விழும்.

"நான் சுடுறேல்லைத்தானே. பாக்கிறது மட்டும்தான். பாவம் சுடுறவருக்கு," என்றேன் ஒருநாள்.

"தேடுறதும் வேட்டை எண்டு உங்கட புத்தகத்திலயே போட்டிருக்கு. யமன்ர புத்தகத்தில வேற மாதிரியே எழுதியிருப்பினம்?" என்றாள். பிறகு கீரையை ஆய்ந்துகொண்டே, "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த ஆக்கள், இஞ்ச வந்து துவக்குக்குப் பக்கத்தில போய்க் குந்தியிருக்கினம்," என்றாள்.

அவள் சொன்னது பிழையில்லை. ஆனால் அந்த வேலையை நான் விரும்பினேன். அதை மறைக்க மாட்டேன். ரொறன்ரோவிலிருந்து ஏழு மணித்தியாலம் வடக்கே ஓடினால் மரக் கம்பனிகள் வெட்டிவிட்டுப் போன வெளிகள் வரும். ஒரு கிலோமீற்றர், இரண்டு கிலோமீற்றர் அகலம். மேட்டில் ஏறி, மூன்று கால் ட்ரைபொட்டில் பைனாகுலரைப் பூட்டி, விடிகிற நேரத்திலிருந்து இருப்பேன். இடது மூலையில் தொடங்கி, புத்தகம் வாசிப்பதுபோல ஒரு வரி. பிறகு கொஞ்சம் இறக்கி அடுத்த வரி. முழு மிருகத்தைத் தேடக் கூடாது. காட்டில் எல்லாம் நெட்டுக்கு நிற்கும். குறுக்காகக் கிடக்கும் கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தால் அது முதுகாக இருக்கலாம். ஒரு காது அசைந்தால் போதும். மூன்று மணித்தியாலம் பார்த்து ஒன்றும் காணாமல் எழும்பின நாட்களே அதிகம். வாழ்க்கையில் நான் அவசரப்படாமல் வாசித்தது அந்த வெளிகளைத்தான்.

ஏன் அண்ணை தானே பார்த்துத் தானே சுடக் கூடாது என்று கேட்பீர்கள். துவக்கில் பூட்டியிருக்கும் கண்ணாடியால் தேடக் கூடாது என்பது முதற் பாடம். அதால் எதைப் பார்க்கிறோமோ அதை நோக்கித் துவக்கும் நீண்டிருக்கும். அது மனிதனாகவும் இருக்கலாம். ஆகவே நான் ஓம் என்று சொல்லும் வரைக்கும் அண்ணை துவக்கை எடுக்க மாட்டார். நான் சொன்ன பிறகு வேறொன்றும் கேட்க மாட்டார். "இரண்டு பேர் பாத்தா இரண்டு சந்தேகம் வரும். ஒராள் பாத்தாப் போதும்," என்பார்.

நான் சொல்ல வேண்டியதும் ஒரே ஒரு விடயம்: கொம்பு இருக்கிறதா, இல்லையா. எங்களுக்குக் கிடைக்கும் அனுமதிச் சீட்டு ஆண் மூஸ் ஒன்றுக்கு மட்டும். அது எங்கள் இருவரில் ஒருவர் பெயரில் வரும், எல்லா வருடமும் கிடைப்பதில்லை; கிடைக்காத வருடங்களில் சின்ன மானோடு நிற்போம். பெண்ணைச் சுட்டால் குற்றம். துவக்குப் போகும், லைசென்ஸ் போகும், நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டும். இவையெல்லாம் அண்ணைக்கு நடக்கும். நடக்கச் செய்வது என் வாயாக இருக்கும்.

போன வருடம் ஒக்டோபரில் அது நடக்கப் பார்த்தது.

பனிப்புகார் படிந்த காலை. முந்நூறு மீற்றர் தூரத்தில், சின்ன ஊசியிலை மரங்களுக்குப் பின்னால் ஒரு மூஸ் தலையும் முதுகும் தெரிய நின்றது. பார்த்தேன். தலைக்கு மேலே இரண்டு பக்கமும் அகன்று கொம்பு.

"கொம்பு இருக்கோ?" அண்ணை கேட்டார்.

"ஓம் அண்ணை. இருக்கு."

துவக்கை எடுத்துத் தோளில் வைத்தார். வெடி தவறிப் போகாமல் தடுக்கும் காவற்கட்டையைத் தள்ளிய சத்தம் எனக்குக் கேட்டது. அந்த நேரம் மூஸ் தலையைத் திருப்பி நடந்தது. கொம்பு நடக்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. காற்றில் சாய்ந்து விழுந்த மரமொன்றின் வேர், மண்ணோடு கிளம்பி விரிந்து நின்றிருக்கிறது. அதற்கு முன்னால் பெண் மூஸ். அதன் பின்னால், மரங்களுக்குள்ளிருந்து அதன் குட்டி, நெட்டைக் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தது.

அண்ணை துவக்கை இறக்கிவிட்டுச் சிரித்தார். "மரத்துக்குக் கொம்பு முளைச்சிட்டுது," என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, குளிக்கக்கூடப் போகாமல், பைனாகுலரின் கண்ணாடிகளைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

பைனாகுலர்தான் பிழை என்று தீர்மானித்தேன். பன்னிரண்டு வருடப் பழசு, பத்தும் நாற்பத்திரண்டும். முதல் எண் எத்தனை மடங்கு கிட்டத்தில் கொண்டுவரும் என்பது. இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீற்றரில். நான் நினைத்தேன், பத்து மடங்கு போதாது. பன்னிரண்டு வாங்கினேன். ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தேன். பதினைந்து வாங்கினேன். அது தோட்பட்டையை இழுத்தது. கையில் பிடித்தால் உலகமே நடுங்கியது. ட்ரைபொட்டில் வைத்தாலும் என் மூச்சுக்கு ஆடியது. பார்வை வட்டமும் சின்னது. ஒரு வெளியை வாசித்து முடிக்க ஒரு காலை முழுவதும் போய்விடும். அதையும் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது எண்ணை முதலாவதால் பிரித்தால் கண்ணுக்குள் வரும் வெளிச்ச வட்டத்தின் அளவு வரும் என்று கடைக்காரர் சொன்னார். நான் பிரித்தல் கணக்கில் மக்கு. துண்டுக் கடதாசியில் போட்டுப் போட்டுப் பார்த்தேன். பதினைந்துக்கு ஐம்பத்தாறு என்றாலும் பழைய பத்தைவிடக் குறைவாகத்தான் வந்தது. கண்ணாடி போடுகிறவனுக்குக் கண்ணைக் குழல் முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தாலும் முழு வட்டமும் தெரிய வேண்டும். அதற்கு வேறு ஒரு எண். நான்காவதாக வாங்கியதையும் திருப்பிக் கொடுத்தபோது, கடையில் பொருட்களைத் திருப்பி எடுக்கும் பெண் என் முகத்தைப் பார்த்தவுடனேயே படிவத்தை எடுத்து வைத்துவிட்டாள்.

ஒவ்வொன்றையும் பரீட்சித்த விதத்தைச் சொல்ல வேண்டும். பல்கனியிலிருந்து பார்க்க மனைவி விடவில்லை. "எதிர் பில்டிங்கில குமர்ப்பிள்ளையள் இருக்குதுகள். பொலிஸ் வந்தா நான் கதவு திறக்க மாட்டன், சொல்லிப் போட்டன்." ஆகவே அஜின்கோர்ட்டில் நாங்கள் சாமான் வாங்கும் பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்துக்குப் போவேன். தொங்கல் மூலையில் காரை நிறுத்தி, உள்ளே இருந்தபடியே கடைப் பலகைகளைப் பார்ப்பேன். புடவைக் கடை. அதன் கீழே 'சாறி பிளவுஸ் தைத்துக் கொடுக்கப்படும்'. பக்கத்தில் கொத்துரொட்டி, இடியப்பம், ஓடருக்குப் பலகாரம். நகைக்கடையின் ரெலிபோன் இலக்கம்கூட ஒவ்வொன்றாகத் தெரியும். அருமையாக இருக்கிறதே என்று வீட்டுக்கு வருவேன். அடுத்த கிழமை பட்டணத்துக்கு வெளியே வயல்வெளிப் பக்கம் கொண்டுபோனால், வேலியில் இருப்பது காகமா கந்தல் துணியா என்று தெரியாது. பிளாசாவில் நல்லாக வேலை செய்வது வெளியில் செய்யவில்லையே, குளிருக்குக் கண்ணாடியில் பனிப்புகார் பிடிக்கிறதோ, உள்ளே ஏதும் கழன்றுவிட்டதோ என்று யோசித்து யோசித்து, திருப்பிக் கொடுப்பேன்.

இருபது வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்த பலகைகள் அவை. நகைக்கடை இலக்கம் எங்கள் குசினிக் கலண்டரில் இருக்கிறது. கண் பார்க்கவில்லை, நினைவு வாசித்தது. இது எனக்கு விளங்க ஒரு தமிழ்நாட்டுக்காரர் வர வேண்டியிருந்தது.

அவர் பாவித்த பைனாகுலர் ஒன்றை இணையத்தில் விற்கப் போட்டிருந்தார். நல்ல சாமான், மீண்டும் பத்தும் நாற்பத்திரண்டும்தான், ஆனால் கண்ணாடி உயர்ந்த தரம். அதே பிளாசாவுக்கு வரச் சொன்னேன். நாற்பது வயதிருக்கும், கம்பியூட்டர் வேலை, விட்பியிலிருந்து வந்திருந்தார். காரின் பின்பக்கத்தில் ஒரு சின்னப் பறவைக் கூண்டளவு பெட்டி. அதைத் திறந்து, குழந்தையை எடுப்பதுபோல எடுத்தார்.

"எதுக்கு சார் வாங்குறீங்க? பறவை பாக்கவா?"

அவருடைய பெட்டியில் ஒரு மீன்கொத்திப் படம் ஒட்டியிருந்தது. எனக்கு வேட்டை என்று சொல்ல வாய் வரவில்லை. "ஓம். பறவைதான்," என்றேன். "பெரிய பறவையள்."

"கழுகு மாதிரியா?"

"அதையும்விடக் கொஞ்சம் பெரிசு."

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையில் தந்தார். நான் உடனே புடவைக் கடைப் பலகையைப் பார்த்தேன். "வடிவாத் தெரியுது. 'தைத்துக் கொடுக்கப்படும்'," என்றேன்.

"அது நீங்க தினம் பாக்குறது தானே சார்? கண்ண மூடிட்டே படிப்பீங்க," என்று சிரித்தார். "அங்க பாருங்க, ஹைட்ரோ டவர். மேல இருந்து ரெண்டாவது கம்பில ஒரு பருந்து உக்காந்திருக்கு. வால் என்ன கலர்?"

மின்சாரக் கம்பிகளைத் தாங்கும் அந்த டவர் தெரிந்தது. கம்பி தெரிந்தது. பருந்து இருந்த இடத்தில் ஒரு கட்டி தெரிந்தது.

"மண்ணிறம்," என்றேன், ஒரு குத்துமதிப்பில்.

"செங்கல் கலர் சார். வெயில்ல சும்மா பளபளன்னு இருக்கு." அவர் என் கையிலிருந்து வாங்கித் தன் கண்ணில் வைத்துப் பார்த்தார். பிறகு வலப்பக்கக் குழலின் வளையத்தைப் பார்த்தார். இரண்டு கண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிசெய்யும் வளையம் அது. நான் பேசிக்கொண்டே அதைத் திருகியிருக்கிறேன், பழக்கதோஷம்.

"கடைசி வரைக்கும் திருப்பிட்டீங்களே. இதுக்கு மேல போகாது," என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. "சார், தப்பா நினைக்காதீங்க. இடது கண்ண கையால மறைச்சிட்டு அந்தப் பருந்த பாருங்க."

பைனாகுலரைத் திரும்ப வாங்கி, மறைத்துப் பார்த்தேன். டவரின் கால்கள் தெரிந்தன. சுற்றிவர வானம் தெரிந்தது. நடுவில், பருந்து இருக்க வேண்டிய இடத்தில், ஈரவிரலால் தேய்த்துவிட்டதுபோல ஒரு மங்கல். குழலை அசைத்தால் மங்கலும் கூடவே வந்தது.

"சுகர் இருக்கா சார் உங்களுக்கு?"

"ஓம்."

"எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது." அவர் பைனாகுலரைத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "இப்ப வாங்காதீங்க. முதல்ல கண்ண காட்டுங்க. யாருக்கும் குடுக்காம நான் வெச்சிருக்கேன்."

அவர் அதைத் தர மாட்டேன் என்றால் என் கண் பழுது என்பது உறுதியாகிவிடும் என்று எனக்கு ஏனோ பட்டது. "இல்லை, தாங்கோ," என்றேன். "தாங்கோ. நான் காட்டுவன்." கிட்டத்தட்டப் பறித்தெடுத்துக்கொண்டு வந்தேன். அவர் போவதற்கு முன் காரின் கண்ணாடியை இறக்கி, "சீக்கிரம் போங்க சார்," என்றார். அது மார்ச் மாதம்.

நான் போகவில்லை. குடும்ப வைத்தியர் கண் பரிசோதனைக்கு எழுதித் தந்த கடிதம் முதலே வீட்டில் இருந்தது. போனால் ஏதும் சொல்லுவார்கள்; சொன்னால் ஃபோர்க்லிஃப்ற் லைசென்ஸ் என்னாகும், கார் என்னாகும், வேலை என்னாகும் என்று ஒன்றிலிருந்து ஒன்று பிடித்து ஓடிக்கொண்டே இருந்தேன். இடது கண் நல்லது. ஒரு கண்ணால் உலகத்தில் எத்தனை பேர் வாழவில்லை? இதற்கிடையில் இந்த வருடம் ஆண் மூஸுக்கான சீட்டு என் பெயரில் வந்தது. அண்ணை தொலைபேசியில் கத்தினார். "டேய், உனக்கு அடிச்சிட்டுது! சீட்டு உன்ர, கண்ணும் உன்ர. வெடி மட்டும்தான் என்ர."

அந்த நேரம் சொல்லியிருக்க வேண்டும். "நல்லது அண்ணை," என்றேன்.

ஒக்டோபரில் போனோம். முதல் இரண்டு நாளும் ஒன்றும் இல்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் வெளியை வாசித்தேன். அரை மணித்தியாலத்தில் அந்தக் கண்ணும் குளிருக்கு நீர் விடும். துடைத்துவிட்டுத் திரும்ப வரியைத் தொடங்குவேன். அண்ணை பக்கத்தில் தேத்தண்ணீர்ப் போத்தலோடு பொறுமையாக இருந்தார். புதுப் பைனாகுலரை ஒருதரம் தட்டிப் பார்த்து, "உதைப் பாத்தா மந்திரிமார் வைச்சிருக்கிற சாமான் மாதிரிக் கிடக்கு," என்றார். அவர் அதனூடாகப் பார்க்கவில்லை. அது என் வேலை.

மூன்றாம் நாள் காலை ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கறுப்பாக ஒன்று அசைந்தது. காற்றுக்கு எதிராகச் சுற்றி நடந்து, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு, விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போய்ப் படுத்தோம். முந்நூறு மீற்றர் இருக்கும். மூஸ் தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டு நின்றது. அதற்கும் எங்களுக்கும் நடுவில் இலை கொட்டிய மரக்கன்றுகள், எல்லாம் கிளை கிளையாக.

அண்ணை துவக்கை மரத்தின் மேல் வைத்தார். கை அதன் மேல் இருந்தது, தூக்கவில்லை.

"கொம்பு இருக்கோ?"

இடது கண்ணால் பார்த்தேன். தலைக்குப் பக்கத்தில் அகலமாக, வெளிறின நிறத்தில் ஏதோ இருந்தது. கொம்பு மாதிரித்தான் இருந்தது. கொம்பு என்று சொல்லலாம். ஆனால் எனக்குக் கொம்பு வேண்டியிருந்தது. சீட்டு என் பெயரில், மூன்று நாள் காத்திருப்பு, பக்கத்தில் இவர். நான் பார்க்கிறேனா, தெரிந்ததை வாசிக்கிறேனா?

"பொறுங்கோ அண்ணை."

"நிக்கிது. நீ ஆறுதலாப் பார்."

பார்த்தேன். வலது கண்ணையும் திறந்து பார்த்தேன். மங்கல் வந்து தலையை மூடியது. திரும்ப மூடினேன். இடது கண் நீர் விட்டது. துடைத்தேன்.

"ஓமோ, இல்லையோ?" அண்ணை மெல்லக் கேட்டார்.

இந்த நாட்டில் நான் தெரியாது என்று சொல்லி ஒரு காரியமும் முடித்தவன் அல்லன். வந்த முதல் கிழமை உணவகத்தில் பாத்திரம் கழுவும் மெஷின் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்றேன். ஃபோர்க்லிஃப்ற் ஓட்டத் தெரியுமா என்றபோது அதன் பெயரே எனக்குப் புதிது, தெரியும் என்றேன். வகுப்பறையை எட்டில் விட்டவனிடம் அந்த ஒரு சொல்தான் சான்றிதழ். அதைச் சொல்லிவிட்டுப் பிறகு ஓடி ஓடிப் பழகிக்கொள்ளலாம். முப்பது வருடம் அப்படித்தான் வந்தது. ஆனால் வெடி போன பிறகு எதைப் பழகுவது?

"எனக்குத் தெரியேல்லை அண்ணை," என்றேன்.

"என்ன, கிளை மறைக்குதோ?"

"கிளை இல்லை. என்ர வலது கண் போயிட்டுது. நடுவில ஒண்டும் தெரியிறேல்லை."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்த இடத்தில், மிருகம் முன்னால் நிற்கும்போது, அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"விளையாடாத."

"இல்லை அண்ணை."

"எப்ப தொடக்கம்?"

"மார்ச்... பங்குனியில இருந்து."

துவக்கிலிருந்து கையை எடுத்து, "கொண்டா," என்று பைனாகுலரை வாங்கினார். அவருக்கு அதைக் கண்ணுக்குச் சரிசெய்யத் தெரியவில்லை; நடுச் சில்லை நான்தான் திருகிக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். மூஸ் தலையை உயர்த்தியது. அது எனக்கு வெறுங்கண்ணுக்கே ஒரு கறுப்பு அசைவாகத் தெரிந்தது.

"கொம்பு இருக்கு," என்றார். "ஆண்தான். நல்ல பெரிசு."

நான் காதுகளைப் பொத்தத் தயாரானேன். வெடிச்சத்தம் வரவில்லை. அவர் பைனாகுலரை என்னிடம் தந்துவிட்டு, துவக்கைத் தொடாமல், மரத்தில் முதுகைச் சாய்த்து இருந்தார்.

"ஏன் அண்ணை?"

"ஏலாதடா." தன் வலக்கையை விரித்துப் பார்த்தார். "போன வருசம் நான் காவற்கட்டையைத் தள்ளிப்போட்டன். ஞாபகமிருக்கோ? விரல் உள்ளுக்க. அது தலையைத் திருப்பாட்டில்?"

நான் பைனாகுலரின் மூடிகளைப் போட்டேன்.

"குட்டியும் நிண்டது," என்றார்.

மூஸ் எங்களை அறியாமலேயே மேய்ந்து மேய்ந்து, மரக்கன்றுகளைத் தாண்டி, இருட்டுக் காட்டுக்குள் போனது. கிளைகள் முறியும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அண்ணை துவக்கைத் திறந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"இன்னும் நாலு நாள் இருக்கு அண்ணை. நீங்கள் பாத்து நீங்களே..."

"இவ்வளவும் காணும். வா, வெளிக்கிடுவம்."

கூடாரத்தைக் கழற்றும்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. கூடார முளையை மண்ணிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். "இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லலாம். தெரியாட்டில் தெரியேல்லை எண்டு சொல்லலாம். ஒரு சொல்லுத்தானேயடா. ஏழு மாசமாக் கண்ணில்லாமல் ஃபோர்க்லிஃப்ற் ஓடியிருக்கிறாய். எத்தின பெடியள் உனக்கு முன்னால நடந்து திரியிறாங்கள்!" பிறகு குரல் இறங்கியது. "உன்ர சொல்லுக்கு நான் திருப்பிக் கேள்வி கேட்டிருக்கிறனா? ஒருநாளாவது?"

"இல்லை அண்ணை."

"பேந்து ஏனடா?"

அவர் எறிந்த முளைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன்.

ஏழு மணித்தியாலமும் தன் பிக்கப் லொறியை அவரே ஓட்டினார். பாதி வழியில் எண்ணெய் அடிக்க நிறுத்தினார். அங்கேதான் தொலைபேசிக்குச் சிக்னல் வந்தது. என்னைக் கேட்காமலே, தன் மனைவி போகும் ஸ்காபரோ கண் மருத்துவமனைக்கு எடுத்தார். எடுத்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. அண்ணை என் பெயரைச் சொன்னார், வயதைச் சொன்னார், சீனி வருத்தம், வலது கண்ணில் மங்கல் என்று சொன்னார். பிறகு தொலைபேசியை என் பக்கம் நீட்டினார்.

"எப்ப தொடக்கம் எண்டு கேக்கினம்."

வாங்கினேன். அவர் லொறிக் கதவில் கையை வைத்தபடி எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றார்.

"அங்கிள், அந்த blur எப்ப start பண்ணினது? Roughly சொன்னாலும் ஓகே," என்றது பிள்ளை.

பங்குனி என்று சொல்லலாம். அண்ணைக்குச் சொன்னதும் அதுதான். ஆனால் தமிழ்நாட்டுக்காரர் கண்ணை மறைக்கச் சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரியும், அந்த மங்கல் எனக்குப் புதிது அல்ல. அதற்கு முந்திய வருடம் கோடை முடியும்போது, வேலையால் வரும் வழியில், முன்னால் போகும் கார்களின் சிவப்பு விளக்குகளுக்கு நடுவில் அதைக் கண்டிருக்கிறேன். கண்ணாடியைத் துடைத்தேன். திரும்பத் துடைத்தேன். கண்ணாடிதான் ஊத்தை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு மாதம் கழித்து அந்த மேட்டில் போய் ஓம், இருக்கு என்றேன்.

"போன வருசம், பிள்ளை," என்றேன். "போன வருசம் செப்ரெம்பரில இருந்து."

"So ஒரு வருசத்துக்கு மேல?"

"ஓம். ஒரு வருசத்துக்கு மேல."

அண்ணை கதவிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓகே அங்கிள், திங்கக்கிழமை காலமை வாங்கோ, எட்டரைக்கு. கண்ணுக்கு drops விடுவம், so நீங்கள் drive பண்ண ஏலாது. ஆர் கூட்டிக்கொண்டு வருவினம்?"

"கேட்டுச் சொல்லுறன் பிள்ளை," என்று சொல்லி முடிப்பதற்குள் அண்ணை கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினார்.

"நான் கூட்டிக்கொண்டு வாறன்," என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னார்.

தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு லொறியில் ஏறினார். என் வீட்டு வாசலில் இறக்கிவிடும் வரைக்கும் தெருவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.